கோப்புக் காப்புக் குழுவின் மகத்தான வெற்றி

மனித குலம் இரண்டு வகைப்படும். கோப்பில் இருப்பவர்கள், கோப்பில் இல்லாதவர்கள். இரண்டாம் வகையினர் இல்லை.

இந்த உண்மையை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. யாருமற்ற குழந்தைகள் இல்லத்தின் செயலராக முப்பத்தோர் ஆண்டுகள் இருந்து நானே கண்டறிந்தேன். கண்டறிந்ததை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, கோப்பில் வைத்தேன். அதன் பிறகுதான் அது உண்மையாயிற்று.

எங்கள் இல்லம் ஒரு மாடிக் கட்டடம். முன்னால் இரும்புக் கேட்டு. நுழைந்தால் வலப்புறம் அலுவலகம், இடப்புறம் பதிவறை, நேரெதிரே தலைவரின் படம். மாடியில் நாற்பது கட்டில்கள். ஆறு ஆண்டுகளாக அவற்றில் யாரும் இல்லை. குழந்தைகளை இப்போது வேறு இடங்களுக்கு அனுப்புகிறார்கள். இதனால் எங்கள் சேவை நின்றுவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். தவறு. குழந்தைகள் இருந்தவரை ஒரே சத்தம். ஒரு கடிதம் நிம்மதியாக எழுத முடியாது. அவர்கள் போன பிறகுதான் நிர்வாகம் தன் முழு உருவில் மலர்ந்தது.

இப்போது நாங்கள் நான்கு பேர். தலைவர், துணைத்தலைவர், செயலராகிய நான், கேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். நால்வருக்கும் சேர்த்து அறுநூற்றுப் பன்னிரண்டு குழந்தைக் கோப்புகள்.

கேட்டில் இருப்பதால் அந்த அம்மாளுக்குக் கேட்டம்மா என்று பெயர். குழந்தைகள் வைத்தது. இருபத்தெட்டு ஆண்டு சேவை, எட்டாம் வகுப்புப் படிப்பு. வேலை எளிது. வருகிறவர் யார் என்று கேட்டு, அவர் கேட்கும் குழந்தையின் கோப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டும். நான் சொல்லும் பதிலை வந்தவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, கோப்பைப் பதிவறையில் வைக்க வேண்டும். நான் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். ஆகவே மனப்பாடம் செய்யும் சிரமமும் இல்லை.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த நிறுவனத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, கறையான் புகுந்தது.

அது தலைவரின் படத்தொகுப்பைத் தின்றிருந்தது. முதல் பக்கத்தில் தலைவர் மார்புவரை மட்டுமே மிஞ்சியிருந்தார். பக்கத்திலேயே இருந்த குழந்தைக் கோப்புகளை அது தொடவில்லை.

"பாருங்க, கறையானுக்குக்கூடத் தராதரம் தெரியுது," என்றார் தலைவர். பெருமையும் துக்கமும் ஒரே குரலில் வந்தன.

"மருந்து அடிச்சா போயிடும் சார்," என்றார் துணைத்தலைவர்.

"மருந்து அடிக்கிறது தோட்டக்காரர் வேலை. நாம நிர்வாகம். நாம குழு அமைக்கணும்."

குழு அமைந்தது. பெயர்: கோப்புக் காப்புக் குழு. அமைப்பாளர் நான். ஆவண நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். இளைஞர். கழுத்துப்பட்டை அணிந்திருந்தார். மேசைமேல் மடிகணினியைத் திறந்துவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"முதல்ல எது அத்தியாவசிய ஆவணம்னு முடிவு பண்ணணும். இந்தக் கட்டடம் இன்னைக்கு எரிஞ்சு போச்சுன்னு வைங்க. நாளைக்குக் காலையில எந்தக் காகிதம் இல்லைன்னா உங்க வேலை நின்னுபோகும்?"

நாளைக் காலையில் எங்களுக்கு என்ன வேலை என்று மூவரும் உண்மையாகவே யோசித்துப் பார்த்தோம்.

பிறகு தலைவர் பட்டியலைச் சொன்னார். நான் எழுதினேன். படத்தொகுப்பு. அவருக்கு வந்த வாழ்த்து மடல்கள். அவர் அனுப்பிய வாழ்த்து மடல்களின் நகல்கள். கூட்டக் குறிப்புகள். சட்டவிதிகள். கட்டடத் திறப்பு விழாவில் வெட்டிய நாடா.

"நாடா ஆவணம் இல்லை சார்," என்றார் நிபுணர்.

"அதுல தேதி எழுதியிருக்கே."

நாடா சேர்க்கப்பட்டது.

"குழந்தைங்க கோப்பு?" என்று கேட்டார் நிபுணர்.

தலைவர் என்னைப் பார்த்தார். "அதுல என்ன இருக்கு?"

"ஒவ்வொண்ணுலயும் ‘யாருமில்லை’ன்னு இருக்கு சார்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். நூற்றுக்கு நூறு."

"அப்ப ஒண்ணை எடுத்து அறுநூத்துச் சொச்சம் காப்பி போட்டா போதுமே."

இந்தச் சிக்கனத்தை நிபுணர் ஏற்கவில்லை. இடம் இருந்தால் சேர்ப்பது என்ற நிபந்தனையுடன் குழந்தைகள் பட்டியலின் கடைசியில், நாடாவுக்குக் கீழே, இடம்பெற்றார்கள்.

அடுத்து எத்தனை நகல் என்ற கேள்வி. "மூணு நகல் வேணும். ஒண்ணாவது வெளியூர்ல இருக்கணும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்," என்றார் நிபுணர்.

"உலகம் மூணு வச்சா நாம அஞ்சு வைப்போம்," என்றார் தலைவர். கைதட்டினோம்.

தீர்மானம் எண் ஏழை நானே எழுதி வாசித்தேன்: "நகல் எடுத்தபின் மூலங்கள் அனைத்தும் அகற்றப்படும்."

அதுவரை கண்மூடியிருந்த துணைத்தலைவர் நிமிர்ந்தார். "வலிக்குமா?" என்று கேட்டார்.

அவருக்கு அது பல ஆண்டுத் தொல்லை. அகற்றப்படுபவை காகிதங்கள் மட்டுமே என்று விளக்கினோம். ஏமாற்றத்துடன் மறுபடி உட்கார்ந்தார். உட்காருவதும் அவருக்கு எளிதல்ல.

"மூலத்தை அழிக்கணும்னு நான் சொல்லலையே," என்றார் நிபுணர்.

"ரெண்டும் இருந்தா எது நிஜம்னு சண்டை வரும் தம்பி. ஒண்ணு போகணும். புதுசு இருக்கும்போது பழசு எதுக்கு?" என்றார் எழுபத்தொன்பது வயதான தலைவர்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

குழு அமைந்த வாரத்திலேயே அந்தப் பெண் வந்தாள். கேட்டம்மா அவளை அலுவலகத்துக்குள்ளேயே அழைத்து வந்துவிட்டார். இது நடைமுறை அல்ல.

"ஐயா, நம்ம சுருட்டை வந்திருக்கா."

எனக்குச் சுருட்டை நினைவில்லை. "எண் என்ன?" என்று கேட்டேன்.

"முன்னூத்து நாப்பத்தேழு சார்," என்றாள் அவள். இருபத்தாறு வயது இருக்கும். ஐந்து மாத வயிறு. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"டாக்டர் ஒரு தாள் குடுத்திருக்காங்க சார். உங்க அம்மாவுக்கு சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, பிரசவத்துல கஷ்டம் இருந்துச்சா, இப்படிக் கேள்வி கேள்வியா இருக்கு. எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியல. பக்கத்து நாற்காலியில இருந்த பொண்ணு போன்ல அவங்க அம்மாகிட்டக் கேட்டுக்கேட்டு எழுதிட்டா. நான் வெறும் தாளைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்."

"‘யாருமில்லை’ன்னு எழுதலாமே. அதுக்குக் கோப்பில் ஆதாரம் இருக்கு."

"யாருமில்லாம எப்படி சார் பொறந்தேன்?"

இது நிர்வாகத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி. நான் பேனாவை மூடினேன்.

"என் பைலை ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன் சார். ஏதாவது ஒரு வரி இருந்தாக்கூடப் போதும்."

"கோப்பெல்லாம் இப்பக் காப்புல இருக்கு. வேலை முடிஞ்சதும் வாங்க."

"எப்ப முடியும்?"

"உங்களுக்கு எப்போ?"

"நாலு மாசம் இருக்கு."

"எங்களுக்கும் அவ்வளவுதான்."

கேட்டம்மா கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். வாயையும் கேட்டையும் உரிய நேரத்தில் மூடுவது அவருடைய சிறப்பு.

ஒரு மாதம் கழித்து நகலெடுக்கும் இயந்திரம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஓர் அனுபவம். மேலே ஒரு தட்டு. தட்டில் தாள்களை அடுக்கினால் ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கும். மேலே தெரியும் பக்கத்தைப் படம் பிடிக்கும். மறுமுனையில் துப்பிவிடும். யோசிக்காது, கேள்வி கேட்காது. எங்கள் குழுவில் அதற்கு உறுப்பினர் பதவி கொடுத்திருக்கலாம்.

அதை இயக்க ஆள் வேண்டும். கேட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதால் கேட்டம்மாவை நியமித்தோம். பதிவறையில் அவருக்கு ஒரு முக்காலி போடப்பட்டது. நிபுணர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"ஒண்ணு விடாம பேக்கப் எடுக்கணும்மா."

"பேக்கு அப்புங்களா?"

"ஆமாம்மா. பேக்கப்."

"எல்லாத் தாளுக்குமா?"

"எல்லாத் தாளுக்கும். அதுதான் முக்கியம். பேக்கப் இல்லைன்னா மத்தது எதுக்கும் அர்த்தமே இல்லை."

கேட்டம்மா கையிலிருந்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நானும் ரொம்ப நாளா அப்படித்தான் சார் நினைச்சுக்கிட்டிருக்கேன்," என்றார்.

இந்த வயதில் இவ்வளவு ஆர்வமா என்று நிபுணர் வியந்தார். ஆர்வம் என்று குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

வேலை பதினோரு வாரம் நடந்தது. முதல் எட்டு வாரமும் படத்தொகுப்பும் வாழ்த்து மடல்களும் கூட்டக் குறிப்புகளும். குழந்தைகளுக்குக் கடைசி மூன்று வாரம் கிடைத்தது. முதல் நாளிலிருந்தே நடு வராந்தாவில் இன்னொரு இயந்திரம், மூலங்களைப் புல்போல நறுக்கிக்கொண்டிருந்தது. அதை நானே இயக்கினேன். சில பொறுப்புகளைப் பிறரிடம் விட முடியாது.

ஏழாவது வாரத்தில் சுருட்டை மறுபடி வந்தாள். இந்த முறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"அம்மா பேராவது சொல்லுங்க சார். பேர் தெரிஞ்சா நானே தேடிக்கிறேன்."

"விண்ணப்பம் குடுக்கணும்."

"குடுக்கிறேன்."

படிவத்தைக் கொடுத்தேன். நிரப்பினாள். சரிபார்த்தேன். "விண்ணப்பத்தோட கோப்பின் நகல் ஒண்ணு இணைக்கணுமே," என்றேன்.

"அந்த நகலைத்தானே சார் நான் கேக்கிறேன்?"

"அது உங்ககிட்ட இல்லை. அதனால விண்ணப்பம் முழுமையில்லை."

அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. வெளியே போகும்போது கேட்டம்மா பதிவறையிலிருந்து எழுந்து வந்து அவளோடு கேட்டுவரை நடந்தார். வேலை நேரத்தில் நான்கு நிமிடம். குறித்துக்கொண்டேன்.

பதினோராவது வாரத்தின் முடிவில் சரிபார்ப்பு. உள்ளே போன தாள்கள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு. வந்த படங்கள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு. எண்ணிக்கை சரியானால் உள்ளடக்கம் தானே சரியாகிவிடும் என்பது நிர்வாகவியல். ஆகவே ஒரு படத்தையும் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை.

ஐந்து நகல்களும் ஐந்து இடங்களுக்குப் போயின. ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியில். ஒன்று தலைவரின் வீட்டில். ஒன்று துணைத்தலைவரின் வீட்டில். ஒன்று வெளியூரில் இருக்கும் தலைவரின் மகளிடம். ஒன்று இணையத்தில், நிபுணர் சொன்ன ‘மேகத்தில்’. முதல் நான்கு இடங்களிலிருந்தும் ஒப்புகைக் கடிதம் வந்தது. மேகத்துக்கு நினைவூட்டல் அனுப்பச் சொன்னேன்.

கடைசி மூலமும் நறுக்கப்பட்ட மறுநாள் அர்ப்பணிப்பு விழா. கீழ்த்தளக் கூடத்தில் அறுபது நாற்காலிகள். சுவரில் பெரிய வெள்ளைத் திரை. ஊர்ப் பிரமுகர்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில், அழைப்பிதழ் இல்லாமல், சுருட்டை உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம் என்பதால் எழுப்பச் சங்கடமாக இருந்தது.

தலைவர் பேசினார். "நெருப்பு அழிக்க முடியாது. வெள்ளம் அழிக்க முடியாது. நாமே நினைச்சாலும் அழிக்க முடியாது. அப்படி ஒரு காப்பு இது!" என்று முடித்து, பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு மஞ்சள் தாள் விரிந்தது. வெறும் தாள். உற்றுப் பார்த்தால் மறுபக்கத்து எழுத்து இடம்வலம் மாறி, மங்கலாக, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிந்தது.

"சட்டவிதி எங்கே?" என்றார் தலைவர்.

நிபுணர் அடுத்ததைத் திறந்தார். மஞ்சள். அதற்கடுத்தது. மஞ்சள். படத்தொகுப்பைத் திறந்தார். பழுப்பு அட்டை, நான்கு மூலையிலும் பசைக் கறை, நடுவில் பென்சிலில் ஒரு வரி: ‘மழை. பிள்ளைங்களுக்குத் துணி காயல.’

பிரமுகர் ஒருவர் கைதட்டினார். நவீனமான ஏதோ என்று நினைத்துவிட்டார்.

"அது என் படத்துக்குப் பின்பக்கம்," என்றார் தலைவர், மெதுவாக.

ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறும் பின்பக்கம். கேட்டம்மா அழைக்கப்பட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் நிபுணர்.

"நீங்க சொன்னதுதான் சார். பேக்கு அப்புன்னீங்க. ஒண்ணு விடாம பேக்கை அப்புல வச்சேன். ஒரு தாள் தப்பியிருந்தாச் சொல்லுங்க."

"பேக்கப்னா... ஐயோ. வெத்துப் பக்கம் மேல இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையா?"

"வெத்துப் பக்கமா? அது நான் எழுதின பக்கம் சார்."

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"நீங்க ஏன் அதுல எழுதினீங்க?" என்று நான் கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

"முன்பக்கம் பூரா ஐயா எழுதிட்டீங்களே. எனக்கு எங்க இடம் இருந்துச்சு? கோப்பைத் திருப்பி வைக்கப் போகும்போது, கேட்டுல யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்க, ஐயா என்ன சொன்னீங்க, அதை ரெண்டு வரி எழுதி வைப்பேன். தப்பா?"

தலைவர் நிலைமையைச் சமாளிக்க முயன்றார். "அதனால என்ன? எதையாவது திறங்க. குழந்தைகள் கோப்பு ஒண்ணு திறங்க. நம்ம சேவை தெரியட்டும்."

"முன்னூத்து நாப்பத்தேழு," என்றாள் சுருட்டை.

எண்ணைக் கேட்டால் தட்டுவது நிபுணரின் பழக்கம். நான் கையை உயர்த்துவதற்குள் தட்டிவிட்டார்.

அது சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம். மேலிருந்து கீழ்வரை பென்சில். சுருட்டை எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரை அருகில் போனாள். வாய்விட்டுப் படித்தாள்.

"‘மூணாம் தேதி. இந்தப் பிள்ளையோட அம்மா வந்துச்சு. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்துச்சாம். பக்கத்து வீட்டுக்காரங்க பிள்ளையை இங்க விட்டுட்டாங்களாம். செயலர் ஐயாகிட்டச் சொன்னேன். கோப்பில் யாருமில்லைன்னு இருக்கு, போகச் சொல்லுன்னாரு. சொன்னேன்.’

"‘பத்தாம் தேதி. வந்துச்சு. சொன்னேன்.’

"‘பதினேழு. வந்துச்சு. பிள்ளைக்குக் கழுத்துக்குப் பின்னால மச்சம் இருக்குன்னுச்சு. போய்ப் பார்த்தேன். இருக்கு. செயலர் ஐயாகிட்டச் சொன்னேன். மச்சம் கோப்பில் இல்லைன்னாரு.’"

அவளுடைய இடக்கை தானாகவே பிடரிக்குப் போனது. அங்கேயே இருந்தது.

இந்த இடத்தில் நிர்வாகத் தரப்பை நான் விளக்க வேண்டும். எங்கள் சட்டவிதி மூன்றின்படி, யாருமற்ற குழந்தைகளை மட்டுமே இல்லத்தில் வைத்திருக்கலாம். முந்நூற்று நாற்பத்தேழு இல்லத்தில் இருந்தது. ஆகவே அதற்கு யாருமில்லை. ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து அழுகிறார் என்பதற்காகப் பதிவைத் திருத்தினால், நாளைக்கு எந்தப் பதிவை யார் நம்புவார்கள்? ஆண்டறிக்கையில் நூற்றுக்கு நூறு என்று அச்சாகியிருந்தது. தொண்ணூற்றொன்பது என்றால் பார்க்கவும் நன்றாக இராது.

இதை அங்கேயே சொல்ல நினைத்தேன். அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"‘பதினொண்ணாவது தடவை. கண்ணு சரியாத் தெரியலையாம். சர்க்கரையாம். கேட்டுக் கம்பிக்குள்ள கையை விட்டு, ஒருவாட்டி தொட்டுப் பார்த்துட்டுப் போயிடறேன்னு கேட்டுச்சு. கை உள்ள இருக்கும்போதே சாத்தப் பார்த்தேன். அப்புறம் அதுவே எடுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல வேலை. தண்டவாளம் தாண்டி மூணாவது சந்து, பச்சைக் கதவு. பேரு...’"

பெயரை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. இரண்டு முறை.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், சர்க்கரை ‘உண்டு’ன்னு போட்டுக்கலாமா?"

விண்ணப்பம் இன்னும் முழுமையாகவில்லை.

"யாருய்யா அப்பச் செயலர்?" என்றார் தலைவர். பிரமுகர்களுக்கு முன்னால் அவருக்கு மறதி வருவது உண்டு.

"முன்பக்கத்தைப் பார்த்தாத்தான் சார் சொல்ல முடியும்," என்றேன். "முன்பக்கம் தீர்மானம் ஏழின்படி அகற்றப்பட்டுவிட்டது."

சொன்னபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. கேட்டம்மாவின் தவறு எவ்வளவு முழுமையானது என்று அப்போதுதான் புரிந்தது. முப்பத்தோர் ஆண்டு முன்பக்கங்கள், என் எழுத்து, என் முத்திரை, எல்லாம் புல்லாகிச் சாக்கில் கட்டிப் போய்விட்டன.

"பார்த்துச் சொல்றேன் சார்," என்றாள் சுருட்டை.

படிவத்தின் கீழ்மூலையில் மங்கலாகத் தெரிந்த ஒரு நீலக் கறையிடம் விரலைக் கொண்டுபோனாள். என் பேனா மை சற்று ஊறும்.

"எங்க கடைக் கண்ணாடிக் கதவுல பேரைத் தெருவைப் பார்த்து எழுதியிருக்காங்க. நான் உள்ள உக்கார்ந்திருக்கேன். எட்டு வருஷமா மாத்தித்தான் படிக்கிறேன்."

வலமிருந்து இடமாக, விரலை நகர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பார்வை சோதிக்க வந்தவருக்குப் பலகையைக் காட்டுவதுபோல நிதானமாக. என் பெயர் ஐந்தெழுத்து. அறுபது பேரும் கேட்டார்கள்.

கடைசி எழுத்து முடிந்ததும் அவள் கேட்டம்மாவிடம் போனாள்.

"எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த அம்மா எந்தப் பிள்ளைக்குன்னு மனசுலயா கண்ணு இருக்கு? எத்தனை பேரு. உன் தாள் என் கைக்கு வந்தே மூணு வாரம்தான் ஆகுது."

"மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். நான் சொன்னா அது கேட்டுக்காரி பேச்சு. கோப்பில் இருக்கான்னு கேப்பாரு. அதான், கோப்பிலயே வரட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்போ?" என்றாள் சுருட்டை. "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது?"

கேட்டம்மா தன் கைகளைப் பார்த்தார்.

"அப்பச் சொல்லியிருந்தா என்னை மாத்திட்டு வேற ஆளை நிறுத்தியிருப்பாங்க. அந்த ஆளு எழுதக்கூட மாட்டான். இது நான் எனக்குச் சொல்லிக்கிற சமாதானம் கண்ணு. நீ ஏத்துக்க வேணாம். கேட்டைச் சாத்தினது என் கைதான்."

சுருட்டை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. பச்சைக் கதவு இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கதவு இல்லைன்னாலும் சந்து இருக்கும். வா. மெதுவா நட."

இருவரும் போனார்கள். கேட்டம்மா விடுப்பு விண்ணப்பம் தரவில்லை. கேட்டையும் சாத்தவில்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். பின்பக்கங்கள் அத்தியாவசிய ஆவணங்கள் அல்ல என்றும், ஐந்து நகல்களும் உடனே அழிக்கப்பட வேண்டும் என்றும் நான் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருமனதாக நிறைவேறியது.

நிறைவேற்றுவதில் சில நடைமுறைச் சிக்கல்கள். துணைத்தலைவர் தம் நகலை எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. மேகத்தில் அழித்தாலும் மேகம் தனக்கென்று ஒரு நகல் வைத்திருக்கும் என்று நிபுணர் சொன்னார். தலைவர் தம் மகளைத் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். போட்டிருக்க வேண்டாம்.

"அழிக்க மாட்டேன்ப்பா."

"ஏம்மா?"

"படிச்சுக்கிட்டிருக்கேன். முன்னூறு கோப்பு முடிச்சிட்டேன். இருநூத்திப் பன்னிரண்டாம் எண்ணுக்கு ஒரு அண்ணன் வந்திருக்கார்ப்பா. ஒன்பது தடவை. அவங்க ரெண்டு பேரையும் நேத்து நான் போன்ல பேச வச்சேன்."

தலைவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அன்றைக்குள், செய்தி கேள்விப்பட்டு, முன்பு இங்கே வளர்ந்த ஒன்பது பேர் கேட்டருகில் நின்றிருந்தார்கள். கேட்டு திறந்தே கிடந்தது. ஆனாலும் வெளியேதான் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண். எண்களை அவர்களுக்கு நாங்கள்தான் கொடுத்திருந்தோம்.

நிபுணர் மடிகணினியை மூடிக்கொண்டிருந்தார். அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"எல்லாத்தையும் ஒரேயடியா அழிக்க ஏதாவது வழி இருக்கா தம்பி?"

"அப்படி ஒரு வழி இருக்கக்கூடாதுன்னுதானே சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

போகும் முன் அவர் ஒரு கணக்கும் சொல்லிவிட்டுப் போனார். அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில் நூற்று எண்பத்தெட்டின் பின்னால் ஒரு தாயோ தகப்பனோ அண்ணனோ அத்தையோ வந்து நிற்கிறார்கள். சிலர் இரண்டு முறை. சிலர் இருபது முறை.

ஆகவே கோப்புக் காப்புக் குழுவின் பணி மகத்தான வெற்றி என்று இதன்மூலம் அறிக்கை அளிக்கிறேன். யாருமற்ற குழந்தைகள் எப்படி உருவாகிறார்கள் என்று இனி எவரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஐந்து நகல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் கையொப்பம்.